ஃபிஃப்த் ஹார்மனி 'எக்ஸ் ஃபாக்டர்' வென்றதா?

"கமிலா கபேயோ இருந்த ஃபிஃப்த் ஹார்மனி, அமெரிக்க எக்ஸ் ஃபாக்டரில் பட்டம் வென்ற குழு. அவர் விலகிய அன்றே குழு கலைந்துவிட்டது." பகிரப்பட்டு வரும் இந்தப் பதிவின் இரண்டு வரிகளுமே தவறு.

எக்ஸ் ஃபாக்டர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின், 2012இல் நடந்த இரண்டாம் சீசனில் வென்றவர் டேட் ஸ்டீவன்ஸ். இரண்டாமிடம் கார்லி ரோஸ் சோனன்கிளேருக்கு. ஐந்து பெண்கள் பாடிய ஃபிஃப்த் ஹார்மனி மூன்றாவது. ஐவரும் குழுவாக விண்ணப்பித்தவர்களும் அல்லர். தனித்தனியே பாட வந்து, தனிப்பாடகர் சுற்றில் வெளியேறியபின் நடுவர்களால் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். முதலில் வைத்த இரண்டு பெயர்களும் நிலைக்கவில்லை. இப்போதைய பெயர் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், தோற்ற பிறகும் போட்டியின் நடுவர் சைமன் கோவெல்லின் சைகோ இசை நிறுவனமும் எபிக் இசை நிறுவனமும் அவர்களை ஒப்பந்தம் செய்தன. ஒப்பந்தம் கிடைத்ததாலேயே வென்றதாக எண்ணிவிடுகிறார்கள். பிரிட்டன் எக்ஸ் ஃபாக்டரில் 2010இல் மூன்றாமிடம் பெற்ற ஒன் டைரக்ஷன் குழுவுக்கும் இதுவே நடந்தது.

கமிலாவின் விலகல் 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. மற்ற நால்வரும் தொடர்ந்து பாடி, 2017 ஆகஸ்டில் குழுவின் பெயரிலேயே மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டார்கள். அந்த உழைப்பை இல்லாததாக்குவதுதான் இந்தப் பதிவின் பெரிய அநியாயம். காலவரையற்ற இடைவெளி எடுப்பதாகக் குழு அறிவித்தது 2018 மார்ச்சில், அதாவது கமிலா விலகி ஓராண்டுக்கும் மேல் கழித்து.