பாதி கிளாஸ் கட்டன் சாயா

என் அண்ணன் குடியை விட்டு நாலு வருடம் ஆகிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாண்டாம் மக்கா, பாக்கி எல்லாம் எழுது" என்றான்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். கை நடுங்கினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் போய்விடும். அப்படி மரத்தைக் காயப்படுத்தியே மூன்று தோட்டங்களில் வேலை போனது. நடுக்கம் நிற்பதற்காகவே அவன் காலையில் குடித்தான். குடிதான் அந்த நடுக்கத்தையே தந்தது என்பது எங்களுக்குப் புரியவில்லை. திமிர் என்று நினைத்தோம்.

நாங்கள் செய்யாதது எதுவும் இல்லை. அம்மா நேர்ச்சை போட்டாள். பைபிள் மேல் கைவைத்து ஏழெட்டு முறை சத்தியம் வாங்கினோம். மைனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். யாரோ கொடுத்த மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் மீன் குழம்பில் கலந்துகூடக் கொடுத்தோம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. டைசல்ஃபிரம் என்கிற அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருத்துவர் பரிசோதித்து, குடிப்பவர் தெரிந்து சம்மதித்தால் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அப்புறம் ஒரு மறுவாழ்வு இடத்தில் பணம் கட்டிச் சேர்த்தோம். அங்கே அடித்திருக்கிறார்கள். வெளியே வந்த அன்றைக்கே குடித்தான்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற அமைப்பு. அதன் கூட்டத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன அறை, பதினைந்து பேர் இருப்பார்கள். வீட்டு ஆட்களும் உட்காரலாம் என்ற கூட்டம் அது. ஒருவர் எல்லோருக்கும் கட்டன் சாயா ஊற்றினார். எனக்கு நிறைய ஊற்றியவர் அண்ணனுக்குப் பாதி கிளாஸ்தான் ஊற்றினார். இங்கேயுமா இவனைக் குறைத்துப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்தான். சாயா கிளாஸுக்குள் ஆடியது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குடித்து முடித்ததும் அவர் வந்து மறுபடி பாதி ஊற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் நாங்கள் நிறைய ஊற்றிக் கொடுத்து, சிந்தினதுக்குத் திட்டியிருக்கிறோம்.

அப்புறம் ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். "மவளுக்க கம்மலைப் பணயம் வச்சுக் குடிச்சேன்" என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுவரை குனிந்தே இருந்த அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். மைனியின் கம்மல் போன கதை எங்கள் வீட்டிலும் உண்டு.

நாங்கள் சொன்ன புத்திமதியில் தப்பில்லை. ஆனால் நாங்கள் கரையில் நின்று சொன்னோம். அந்த மனிதர் நீந்தி வந்தவர். இன்னொன்றும் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அந்தப் பேச்சு கேட்பவனுக்கு உதவுகிற அளவுக்குச் சொல்பவனையும் காப்பாற்றுகிறது. ஏ.ஏ. பிறந்ததே அப்படித்தான். 1935இல் பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் அமெரிக்காவின் அக்ரான் நகரத்துக்கு ஒரு தொழில் காரியமாகப் போய், அது தோற்று, ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்தில் பார். மறுபடி குடித்துவிடுவோம் என்ற பயத்தில், பேச இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயங்களுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது இன்று குலசேகரம்காரன் ஒருவனைத் தாங்குகிறது.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அலசியது. ஏ.ஏ. வழியில் போனவர்களில் ஒரு வருடம் கழித்து 100க்கு 42 பேர் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 பேர். எல்லோருக்கும் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அண்ணனும் முதல் வருடம் இரண்டு தடவை சறுக்கினான். வீட்டுக்கு வர வெட்கப்பட்டவன், கூட்டத்துக்குப் போக வெட்கப்படவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் சில நாட்களுக்கு மருத்துவர் வேண்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் அதற்கு அப்புறம் வருகிற வருடங்களுக்கு.

இப்போது அண்ணனுக்கு விடிகாலை மூன்று மணிக்குப் போன் வரும். புதிதாக நிறுத்தியவர்களுக்கு அந்த நேரத்தில் தூக்கம் வராது. ரப்பர் வெட்டுகிறவன் அப்போது விழித்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். போனைச் சட்டைப் பையில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெட்டிக்கொண்டே பேசுவான். முக்கால்வாசி நேரம் "ம்... ம்..." தான்.

இந்தக் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. உறுப்பினர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாடகையும் சாயாவும் பார்த்துக்கொள்கிறார்கள். இடம்தான் பிரச்சினை. குடிகாரர்கள் கூடுகிற இடம் என்று சொல்லி அறை தர மறுக்கிறார்கள். 2003இலிருந்து அரசே சில்லறையில் மது விற்கிறது, அந்தக் கடைகளுக்கு இடம் கிடைக்கிறது. பங்கு மண்டபம், சமுதாய நலக்கூடம், ஊர் வாசகசாலை எதற்காவது உங்கள் கையில் சாவி இருந்தால், வாரத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து கொடுங்கள். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம் என்றால் ரொம்ப நல்லது, நிறைய பேர் வண்டியை விற்றுவிட்டு வருகிறவர்கள்.