சூப்பர் குளூ எல்லா அம்புக்கும் ஆகாது
அம்புத் தண்டில் இறகு ஒட்டுவது பற்றிய இந்தக் கட்டுரை 'வேகமாகக் காய்கிற சூப்பர் குளூ போதும், எந்தத் தண்டிலும் இறகு நிற்கும்' என்று சொல்வது கார்பன், அலுமினியத் தண்டுகளுக்கு ஓரளவு பொருந்தும். மரத்தண்டுக்கு அப்படியே ஏற்க முடியாது. இறகின் காம்பைப் போலவே மரமும் நுண்துளைகள் கொண்டது. தண்ணீர்போல ஓடும் குளூவை இரண்டும் உறிஞ்சிவிடும், ஒட்டும் பரப்பில் பசை மிஞ்சாது. சூப்பர் குளூதான் வேண்டுமென்றால் கெட்டியான ஜெல் வகையை எடுங்கள், மெல்லிய கோடாக இடுங்கள். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர், மரத்தண்டில் ஒட்டிய இறகு வார்னிஷோடு சேர்ந்து உரிந்து வந்ததாகச் சொல்கிறார். அங்கே பசை தோற்கவில்லை, மரத்தை வார்னிஷ்தான் பிடிக்கவில்லை. வார்னிஷ் முழுதாக இறுகும் முன்பே ஒட்டினாலும், எண்ணெய் ஏறிய மரத்தின்மேல் பூசினாலும் இப்படித்தான் ஆகும். கரைப்பான் கலந்த இறகுப் பசைகள் சில வார்னிஷ்களையே இளக்கிவிடும் என்பதால் முதலில் ஒரு துண்டுத் தண்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது. இந்த வகைப் பசைக்கு, இறகைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்பில் 10 முதல் 15 நிமிடமாவது விட வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் காம்பு நகர்ந்து இறகு கோணலாகும். கார்பன் தண்டென்றால் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான ஒன்று: எந்தப் பசையானாலும் காம்பின் முன்முனையிலும் பின்முனையிலும் தனியாக ஒரு சொட்டு வைக்க வேண்டும். முன்முனை தூக்கிக்கொண்டால் வில்லிலிருந்து புறப்படும்போது கையையே கிழிக்கும்.