என் புருஷனுக்கு நான் பறப்பது பிடிக்காது

போன வாரம் இங்கே டாலஸில் ஒரு தமிழ்த் தம்பியைப் பார்த்தேன். பைலட் ட்ரெயினிங் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, காதலியிடம் இன்னும் மூச்சுவிடவில்லையாம். "அவ பயப்படுவாக்கா, லைசென்ஸ் வாங்கிட்டு சர்ப்ரைஸா சொல்லிக்கலாம்னு இருக்கேன்" என்றான். தம்பி, அதற்குப் பெயர் சர்ப்ரைஸ் இல்லை என்றேன். அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே கொட்டிவிடுகிறேன்.

நான் டாலஸ் பக்கத்திலிருக்கும் டென்டன் ஏர்போர்ட்டில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். பிரைவேட் லைசென்ஸுக்கு 40 மணி நேரம் பறந்தால் போதும் என்கிறது சட்டம், எனக்கு 71 ஆனது. விமானத்துக்கு மணிக்கு 170 டாலர், இன்ஸ்ட்ரக்டர் காசு தனி. நான் இதையெல்லாம் பெருக்கிப் பார்ப்பதில்லை. என் புருஷன் பார்ப்பான். காலேஜில் இருந்தே எங்களுக்குள் வாடா போடாதான் (மாமியார் எதிரில் மட்டும் 'வாங்க'), சமயபுரம் திருவிழா ராட்டினத்தில்கூட ஏறாத ஆள் அவன். எங்கே தேடிப்பிடித்தேன் பாருங்கள்.

முதல் ஒரு வருடம் நான் செய்தது வெறும் பிரசாரம். "ஏர்போர்ட்டுக்கு கார்ல போறதுதான்டா ரிஸ்க்கு" என்று எல்லா பைலட்டும் சொல்லும் அதே பல்லவி. பெரிய ஏர்லைன்ஸுக்கு அது உண்மைதான். ஆனால் என்னை மாதிரி ஆட்கள் ஓட்டும் சின்ன விமானங்களில், அமெரிக்கக் கணக்குப்படி, பறக்கும் ஒவ்வொரு ஒரு லட்சம் மணி நேரத்துக்கும் ஏறத்தாழ ஒரு உயிர்ச்சேத விபத்து நடக்கிறது. காரோடு இல்லை, மோட்டார் பைக்கோடு வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அந்தப் பல்லவியைப் பாடினேன்.

ஒரு நாள் ராத்திரி அவனே தேடிப் படித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். ஜான் கென்னடியின் மகன், 1999 ஜூலை 16, மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் கடலுக்கு மேலே போனவர். 310 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தும், மூட்டமான இருட்டில் மேல் எது கீழ் எது என்ற உணர்வே தப்பிப்போய் விமானம் கடலில் விழுந்தது, மூன்று பேரும் போய்விட்டார்கள். "இவருக்கு உன்னைவிட மூணு மடங்கு அனுபவம் இருந்திருக்கு" என்றான். நான் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி), அது இது என்று ஏதோ சொன்னேன். அவன் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அவனை முதன்முதலில் கூட்டிப்போனது. ஆகஸ்ட் மாதம், மத்தியானம் மூணு மணி, டெக்ஸாஸ் வெயில். சூடான தரையிலிருந்து காற்று எழும்பி விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும் நேரம் அது. காலை ஏழு மணிக்குப் போயிருந்தால் பால் மாதிரி இருந்திருக்கும். போதாக்குறைக்கு, கெத்து காட்ட 45 டிகிரி சாய்த்து ஒரு வட்டம் வேறு போட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிய பிறகு பார்த்தால் பேன்ட்டின் முட்டிப் பகுதி இரண்டும் கசங்கிப்போய், வியர்வையில் கைரேகை பதிந்த மாதிரி இருந்தது. அதன்பிறகு ஒன்பது மாதம் ஏர்போர்ட் பக்கமே வரவில்லை.

அப்புறம் கெயின்ஸ்வில் சம்பவம். டென்டனிலிருந்து வடக்கே கால் மணி நேரம்தான், தனியாகப் போனேன். அவன் வீட்டில் உட்கார்ந்து டிராக்கர் ஆப்பில் என் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், அதுவே எனக்குத் தெரியாது. சின்ன ஏர்போர்ட்டில் தாழ்வாக இறங்கும்போது சிக்னல் கிடைக்காமல் அந்தப் புள்ளி மறைந்துவிடும், சாதாரண விஷயம். நான் பாட்டுக்கு காபி குடித்துவிட்டு அங்கே ஒரு தாத்தாவிடம் பழைய பைப்பர் விமானத்தைப் பற்றிக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன், போன் பையில் கிடந்தது. நாற்பது நிமிடம். எடுத்துப் பார்த்தால் பதினேழு மிஸ்டு கால்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டேன், உனக்கு எதுதான்டா பயம் என்று. "நீ விழுந்துடுவேன்னு இல்ல. நீ மேல இருக்கும்போது எனக்கு எதுவும் தெரியல, செய்யறதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றான். நான் ஒரு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு ஏதோ கேள்விக்கு.

பிறகு பேரம் பேசினோம், ஆமாம், பேரம்தான். கிளம்பும்போதும் இறங்கியதும் மெசேஜ். ராத்திரியும் மூட்டமும் கிடையாது. சில லைஃப் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் சொந்தமாக விமானம் ஓட்டிச் செத்தால் பணம் தராது, அதைப் படித்துப் பார்த்து வேறு பாலிசி எடுத்தோம். என் பக்கத்து நிபந்தனை ஒன்றே ஒன்று: பறக்கிற அன்று காலையில் சண்டை கூடாது. கிளம்பும் முன் பைலட்டுகள் தங்களையே கேட்டுக்கொள்ளும் பட்டியலில் நோய், மருந்து, மது, களைப்பு இவற்றோடு மன அழுத்தமும் இருக்கிறது. வீட்டில் கத்திவிட்டு வந்தவள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல?

"வீட்ல விடறாரா?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. பறக்கிற ஆம்பளை ஒருத்தரிடமும் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் அவனிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் உண்மை நிலவரம் என்ன என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும், அது என் கடன். "உன்மேல லவ் இருந்தா விட்டுடுவான்" என்று சொல்லும் தோழிகளுக்கும் கும்பிடு. லவ் இருப்பதால்தானே பதினேழு மிஸ்டு கால்.

பக்கத்து சீட்டில் உட்காருபவர் அவசரத்தில் விமானத்தை இறக்குவதற்கென்றே 'பின்ச் ஹிட்டர்' என்று ஒரு பயிற்சி இங்கே உண்டு. இவனைச் சேர்க்கச் சொன்னார்கள். "கிரிக்கெட்ல பின்ச் ஹிட்டர்னா ஜெயசூர்யாதான், அவரை அனுப்பு, நான் வரல" என்றான். சரி, விட்டுவிட்டேன். அவனுக்கு என்றைக்காவது இது பிடித்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காத்திருந்தால் அதுவும் ஒரு நச்சரிப்புதான்.

இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தேன். எட்டு மணிக்கு விமானம் புக் செய்திருந்தேன். வெதர் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே சமையலறையிலிருந்து குரல்: "மேற்குக் காத்து 18 நாட், இடையில 27 வரைக்கும் அடிக்குது, உன் ரன்வே வடக்கு தெற்கு, பக்கவாட்டுல தள்ளும்." இட்லி மாவு ஏற்கெனவே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்திருந்தது.