தேயாத தண்டவாளத்தை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், தூரத்துச் சொந்தம், கேட்டார்: "தண்டவாளத்துல என்னய்யா ஆராய்ச்சி? இரும்புதானே, போட்டா கிடக்கும்." கனரக சரக்கு ரயில் பாதைகளைப் பற்றி நான் ஏதோ பேச ஆரம்பித்ததன் பலன். வாய் நிறைய அப்பளம் இருந்ததால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

என் அப்பா கீமேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டை - சேலம் பாதையில், மொரப்பூர் பக்கம். ரயில்வே சாவியெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகள் நம்பினார்கள்; நானும் மறுக்கவில்லை. உண்மையில் அந்தக் ‘கீ’, அந்தக் காலத்தில் தண்டவாளம் அசையாமல் இருக்க அடித்த ஆப்பு. இப்போது ஆப்புக்குப் பதில் வளைந்த கம்பி மாதிரி ஒரு கிளிப். பெயர் மட்டும் மாறவில்லை. சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து என்றால் சத்தம் போட்டு வண்டியை நிறுத்த வைக்கும் டெட்டனேட்டர் வெடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் தனக்கு ஒதுக்கிய தூரம், அதாவது தன் பீட் முழுக்க நடந்து முடிக்க வேண்டும். மெயின் லைனில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர், தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை. ஸ்லீப்பருக்கு நாலு கிளிப். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 6,640. இதில் எது நழுவியிருக்கிறது என்று நடக்கிற வேகத்திலேயே கண்ணில் பட்டாக வேண்டும். தட்டி உள்ளே இறக்கும்போது கிளிப் பிடித்துக்கொண்டதா இல்லையா என்பதைச் சத்தத்திலேயே சொல்வார். ஒரு லீவு நாளில் கூடப் போனேன். ஜல்லியில் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் எனக்குக் கால் விட்டுப்போனது.

சரி, அந்தக் கிளிப்பை நழுவ வைப்பது எது? மேட்டூருக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் குட்ஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். 59 வேகன், வேகனுக்கு நாலு அச்சு. ஒரு அச்சுக்கு 22.9 டன் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் பதினோரு டன், அதாவது இரண்டு யானை. இந்த இரண்டு யானையும் தண்டவாளத்தில் நிற்கும் இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. அவ்வளவுதான். அந்த நகத்தளவு இரும்பு ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொஞ்சம் நசுங்கி, இழுபட்டு, மறுபடி நிமிர்கிறது. ஒரு வண்டி போனால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 236 தடவை. நாளுக்கு எத்தனை வண்டி, வருஷத்துக்கு எத்தனை நாள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இரும்புக்கும் களைப்பு உண்டு. களைத்த இரும்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். முதலில் மேல்தோலில் படுக்கை வாட்டில் போகும், பிறகு ஒருநாள் கீழ்நோக்கித் திரும்பும். ஆபத்து அந்தத் திருப்பத்தில்தான்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. தண்டவாளம் தேய்வது கெட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மிருதுவான பழைய தண்டவாளத்தில், வெடிப்பு ஆழமாகப் போவதற்குள் மேல்தோல் தேய்ந்துவிடும். வெடிப்பும் தோலோடு போய்விடும். தேயக் கூடாது என்று கடினமான எஃகு கொண்டுவந்தார்கள். தேய்மானம் குறைந்தது, வெடிப்பு தங்கிவிட்டது. பார்வைக்கு வழவழவென்று நன்றாக இருக்கும் தண்டவாளம் உள்ளுக்குள் நோயாளியாக இருக்கலாம்.

இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் 2000 அக்டோபர் 17 அன்று நடந்த விபத்து இந்த நோயால்தான். லண்டனிலிருந்து லீட்ஸ் போன பயணிகள் ரயில் அது. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் போகும்போது கீழே இருந்த தண்டவாளம் 300 துண்டுகளுக்கு மேல் நொறுங்கியது. நாலு பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். மாற்ற வேண்டும் என்று பல மாதங்களாகக் காகிதத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வரும் இடம் இது. அறிவியல் தோற்ற கதை என்று இதைச் சொல்ல முடியாது, தெரிந்ததைச் செய்ய யாரும் நேரம் ஒதுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்து, மாதக்கணக்கில் ரயில்கள் தவழ்ந்தன.

இன்றைக்கு இதற்கு என்ன வைத்தியம் என்றால், தண்டவாளத்தை நாமே சீவிவிடுவதுதான். சாணைக்கல் வரிசையாகப் பொருத்திய ரயில், 72 கல், 96 கல் வைத்தது, நம் நாட்டிலும் ஓடுகிறது. இரவில் பார்த்தால் தண்டவாளத்தில் மத்தாப்புக் கொளுத்திய மாதிரி இருக்கும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கை எடுத்துவிட்டால் வெடிப்பு முளையிலேயே போய்விடும். எவ்வளவு சீவுவது, எத்தனை டன் ஓடிய பிறகு சீவுவது? குறைத்தால் வெடிப்பு மிஞ்சும், கூட்டினால் காசு கொடுத்து வாங்கிய எஃகு தூளாகப் போகும். பந்தியில் கேட்ட ஆராய்ச்சி இதுதான் அண்ணாச்சி. இதற்காக அமெரிக்காவின் கொலராடோவில், புவெப்லோ ஊருக்குப் பக்கத்தில், 1976-இல் ஒரு சோதனைப் பாதையைத் தொடங்கினார்கள். அச்சுக்கு 35 டன் சுமையோடு ஒரு வண்டி எங்கும் போகாமல் சுமார் நாலே கால் கிலோமீட்டர் வட்டத்தைச் செக்குமாடு மாதிரி பல வருஷம் சுற்றியது. எந்தத் தண்டவாளம், எந்த வெல்டு (தண்டவாளங்களைப் பற்றவைத்த இணைப்பு), எந்த ஸ்லீப்பர் முதலில் உடைகிறது என்று பார்ப்பதற்காகவே. உடைவது அங்கே உடையட்டும், ஊருக்குள் வேண்டாம்.

நம் ஊரில் வரிசை கொஞ்சம் மாறிப்போனது என்பது என் கருத்து. 2005 வாக்கில் வேகன் கொள்ளளவுக்கு மேல் எட்டு டன் ஏற்றலாம் என்று சில வழித்தடங்களில் ஆரம்பித்தார்கள். அப்பா காலத்து ஆட்கள் வாயில் அது "சிசி ப்ளஸ் எட்டு". 59 வேகனுக்கு எட்டு டன் என்றால் 472 டன். இன்னொரு வண்டி ஓட்டாமலே வருமானம். ரயில்வேக்கு நல்ல பணம் வந்தது, மறுக்கவில்லை. அந்தச் சரக்கு லாரியில் போயிருந்தால் ரோடு என்ன ஆகும் என்றும் தெரியும். ஆகவே கூடுதல் பாரத்துக்கு நான் எதிரி இல்லை. 25 டன் அச்சுக்கென்றே தனியாகப் போட்ட சரக்குப் பாதைகள் வடக்கே ஓடுகின்றன, சந்தோஷம். ஆனால் பழைய பாதையில் பத்து சதவீதம் பாரம் கூடினால் சேதம் பத்து சதவீதத்தோடு நிற்காது. அதைவிட வேகமாக ஏறும். சுமை ஏறிய அன்றே பராமரிப்பு நேரமும் ஏறியிருக்க வேண்டும்.

நேரம் என்றால் பிளாக். வண்டியை நிறுத்தி ‘இந்த இரண்டு மணி நேரம் பாதை உங்களுக்கு’ என்று கொடுப்பது. பிளாக் இல்லாமல் ஜல்லி இறுக்க முடியாது, வெல்டை மாற்ற முடியாது, சாணை பிடிக்கும் ரயிலை ஓட்ட முடியாது. ஒவ்வொரு பிளாக்கும் ஓடாமல் போன வண்டி என்று பார்ப்பவர்கள் இருக்கும்வரை அதுதான் முதலில் வெட்டுப்படும். 2017 முதல் 2021 வரை தடம் புரண்டவற்றை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பொறியியல் பிரிவின் கணக்கில் 422 சம்பவங்களை எழுதியது. அதில் 171 பாதைப் பராமரிப்புக் குறையால். பாதையை அளக்கும் வண்டிகள் ஓட வேண்டிய அளவில் 30 முதல் 100 சதவீதம் வரை ஓடவே இல்லை என்றும் சொன்னது. நூறு சதவீதம் என்றால் ஒரு தடவைகூட இல்லை. கூடுதல் டன்னுக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு, பிளாக் நேரமாகவே அந்தந்தப் பாதைக்குத் திரும்ப வேண்டும் என்று சட்டம் மாதிரி எழுதிவைக்கச் சொல்கிறேன். வேறு பெரிய யோசனை என்னிடம் இல்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் படித்துக் காட்டினேன். எஃகு ரகம் பற்றிக் கேட்டுக்கொண்டார், புவெப்லோவுக்குச் சிரித்தார். வீடு இன்னமும் லைனுக்குப் பக்கத்தில்தான். மார்கழி ராத்திரியில் தண்டவாளம் குளிரில் சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்கும். வெல்டு விட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான். போன மார்கழியில் ஒரு குட்ஸ் வண்டி போனது, நடுவில் எங்கோ ஒரு சக்கரம் தட்டையாகி டம் டம் டம் என்று அடித்துக்கொண்டே. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "படுங்கப்பா" என்றேன். "அடுத்த வண்டி போகட்டும்" என்றார்.