சர்வீஸுக்குப் பிறகு இழுவை குறைந்தால் டர்போ போய்விட்டதா?

"சர்வீஸ் முடிந்ததும் பழைய டர்போ கார் இழுக்கவில்லையா? டர்போ காலி. புதுப்பேட்டையில் பழையது ஒன்று வாங்கி மாட்டுங்கள்" என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் பெரிய தொகை வீணாகும். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்.

நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி சர்வீஸ் முடிந்த அன்றே மந்தமானால், முதலில் மெக்கானிக் கை வைத்த இடங்களைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் மாற்றும்போது காற்றளவு சென்சாரின் கனெக்டரைக் கழற்றியிருப்பார்கள். சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தால், அழுத்தக் காற்று வெளியே கசியும். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது 'உஸ்ஸ்' சத்தமும், டீசல் வண்டியில் கரும்புகையும் வந்தால் சந்தேகம் அங்கேதான். அப்புறம், டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்கம் (வெற்றிட) குழாய். பழைய வண்டிகளில் எஞ்சின் சூட்டில் ரப்பர் காய்ந்திருக்கும், லேசாக அசைத்தாலே விரிசல் விட்டுவிடும். பெட்ரோல் வண்டியென்றால் புது ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் பாருங்கள்.

ஸ்கேனரில் பி0299 (P0299) என்ற பிழைக் குறியீடு வந்தால்? டர்போ தரும் காற்றழுத்தம் போதவில்லை என்றுதான் அர்த்தம். காரணத்தை அது சொல்லாது.

டர்போவையே சோதிக்க, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, காற்று நுழையும் ஹோஸைக் கழற்றி டர்போவின் ஷாஃப்ட்டை (சுழலும் தண்டை) விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, அதிலுள்ள இறக்கை உறையில் உரசினாலோ டர்போ பழுது. ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது மட்டும் பழுதுக்கு அடையாளமல்ல.