நாலு கோடு சிக்னல் இருந்தால் போதுமா?

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "எல்லார் கையிலும் 5ஜி இருக்கிறது, தீயணைப்புக்கும் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் தனி நெட்வொர்க் எதற்கு" என்று ஒருவர் பதிவு போட்டுக் கேட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

டவர் இருப்பது வேறு, அதில் நமக்கு இடம் கிடைப்பது வேறு. ஒரு டவர் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட அளவு நெரிசலைத்தான் தாங்கும். வெள்ளமோ குண்டுவெடிப்போ நடந்த அடுத்த நிமிடம் எல்லாரும் வீட்டுக்கு போன் போடுகிறோம், வீடியோ அனுப்புகிறோம். தப்பில்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் முன்னுரிமை இல்லாத நெட்வொர்க்கில் மீட்க வந்தவரின் அழைப்பும் நம் வீடியோவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு புயல் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது, அதோடு சரி. போனில் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கிறது, அழைத்தால் இரண்டு பீப், அப்புறம் துண்டிப்பு. பதினேழு முறை அடித்தேன். நண்பன் ஒருவன் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் தெருமுனைக்கு ஓடினான். வண்டி இரண்டு தெரு தள்ளி, மரம் விழுந்த சந்தில் வழி தெரியாமல் நின்றிருந்தது. டிரைவரும் எங்களுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார், அவருக்கும் அதே இரண்டு பீப். அப்பா பிழைத்தார். அந்தத் தாமதத்தால் அவர் இதயம் எவ்வளவு கெட்டது என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், விமானம் மோதிய கோபுரம் நிற்காது என்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரித்தார்கள். உள்ளே படியேறியிருந்த தீயணைப்பு வீரர்கள் பலருக்கு அது போய்ச் சேரவே இல்லை, ஏனென்றால் இரண்டு துறைக்கும் வேறு வேறு ரேடியோ. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அதற்கப்புறமும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் 20 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கி, மீட்புப் பணியாளர்களுக்கென்றே ஃபர்ஸ்ட்நெட் என்ற நெட்வொர்க்கை அமைக்க அமெரிக்காவில் சட்டம் வர 2012 ஆனது. தென் கொரியாவில் 2014இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் போன பிறகுதான் இப்படியொரு நெட்வொர்க் அமைக்கும் வேலை வேகம் பிடித்தது, நாடு முழுக்க வந்தது 2021இல். ஒவ்வொரு முறையும் சாவு விழுந்த பிறகுதானா?

தனியார் நிறுவனத்தில் நல்ல பிளான் வாங்கிக்கொண்டால் போதாதா என்கிறீர்கள். 2018 கலிஃபோர்னியா காட்டுத்தீயில் தீயணைப்பு வண்டி ஒன்று "அன்லிமிடெட்" பிளானில்தான் இருந்தது. டேட்டா அளவு தாண்டியதும் வேகத்தை இருநூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். தீ எரிகிறது, இவர்கள் பெரிய பிளானுக்கு மாறுவது பற்றி நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக ஒதுக்கினால் அலைக்கற்றை சும்மா கிடந்து வீணாகுமாம். ஆகாது. ஃபர்ஸ்ட்நெட்டில் மற்ற நேரங்களில் பொதுமக்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். அவசரம் வந்தால் மற்றவர்களை விலக்கி மீட்புப் பணியாளர்களுக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான். முன்னுரிமையை வி.ஐ.பி.க்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் மட்டும் நியாயம், அது எனக்கும் உண்டு. யாருக்கு அந்த முன்னுரிமை சிம் போகிறது என்பதைக் கறாராகக் கண்காணிக்கத்தான் வேண்டும். கண்காணிப்போம். அதற்காக வேண்டாம் என்பீர்களா? செலவு, செலவு என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லவும் விருப்பமில்லை. அந்தப் பதினேழு அழைப்பில் ஒன்று போயிருந்தால் என்ன விலை கொடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

நேற்று சிரித்தவர்கள் யாரையும் நான் அன்ஃப்ரெண்ட் செய்யவில்லை, திட்டவும் வரவில்லை. பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று டார்ச்சோடு மழையில் ஓடியவன் பெயரும் அதில் இருந்தது.