டைரியைச் சுவரில் மாட்டினால் என்ன?

ஒரு பெண் தன் சொந்த வாழ்க்கையையே வரைந்து வைத்த ஞாயிற்றுக்கிழமை ஓவியக் கண்காட்சியில் அந்தப் பெரியவர் பேசியதைப் பார்த்திருப்பீர்கள், வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "டைரியில் எழுதிப் பூட்டிவைக்க வேண்டியதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்." கூட்டம் சிரித்தது. படங்களை வரைந்த பெண்ணும் அங்கேதான் நின்றார். பாவம், அவரும் சிரித்து வைத்தார்.

சரி, மூத்த ஓவியர். மரியாதையாகவே கேட்கிறேன். டைரியைச் சுவரில் மாட்டினால் என்ன?

ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் 1914இல் போர்முனையில் செத்தான். மண்டியிட்ட தாய், தந்தை என்று இரண்டு சிலைகளை அவர் செய்து முடித்து, அவன் புதைக்கப்பட்ட பெல்ஜியம் மண்ணில் நிறுத்தியது 1932இல். முகங்கள் அவருடையதும் கணவருடையதும். அதையும் பூட்டிவைத்திருக்கலாமா? ஷார்லோட்டே சாலமோன் என்ற யூத ஓவியர் நாஜிகளுக்குத் தப்பி பிரான்சில் இருந்தபோது, தன் குடும்பக் கதையை நூற்றுக்கணக்கான தாள்களில் வண்ணத்தில் வரைந்து ஒரு டாக்டரிடம் ஒப்படைத்தார். 1943இல் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொன்றுவிட்டார்கள். வயது 26. சொந்தக் கதைதான், ஐயா. சுத்தமான டைரி.

"அவர்கள் மேதைகள், இவருக்குக் கோடே நேராக வரவில்லை" என்பீர்கள். வரவில்லைதான். யார் இல்லையென்றது? தன் வாழ்க்கையைத் தன் கையால் பதிந்து வைக்க யாரிடம் மதிப்பெண் வாங்க வேண்டும்?

"போட்டோ இருக்கிறதே" என்று ஒரு நண்பர். கேமரா எதிரில் இருப்பதைத்தான் எடுக்கும். மனதில் இருப்பதை எடுக்காது.

மறதி நோய் தொடங்கிய பிறகு, அதுவரை எதையும் வரைந்திராத என் அம்மா, சின்ன வயதில் இருந்த வீட்டைப் பேனாவால் திரும்பத் திரும்ப வரைந்தாள். நோட்டு நோட்டாக. வீடு சின்னதாகிக்கொண்டே போனது, வாசல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமா பார்த்துவிட்டு, "வாசல் இந்தப் பக்கமே இல்லையேக்கா" என்று திருத்தினார். அம்மா பேனாவை வைத்துவிட்டாள். அந்த வாசலில் யாருக்காகக் காத்திருந்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் போன பிறகு வீட்டை ஒழித்தார்கள். நோட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போயின. நான் வந்து கேட்டபோது, "கிறுக்கல்தானே, அதுக்கென்ன இப்போ?" என்றார்கள். வாசலைச் சரியான பக்கம் போட்டிருந்தால் வைத்திருப்பார்களோ என்னவோ.

படத்தில் வரும் மற்றவர்களின் அந்தரங்கம் என்ன ஆவது என்றும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்னொரு நாள் பேசுவோம், இன்றைக்கு முடியாது.

ஒரு படம் நன்றாக இல்லையென்றால் கடந்து போய்விடலாம். மைக்கைப் பிடித்து, வரைந்தவரை எதிரில் நிறுத்திவைத்துச் சிரிக்கவைக்கத் தேவையில்லை. எடைக்குப் போட்டவர்களாவது யாரையும் கைதட்டக் கூப்பிடவில்லை.

அப்புறம், "நீ உணர்ச்சிவசப்படுகிறாய்" என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், படுகிறேன். அந்த நோட்டுகளில் ஒன்றையாவது தேடிக் கொண்டுவாருங்கள், அப்புறம் நிதானமாகக் கலை பற்றிப் பேசலாம்.